அருகிவரும் நன்னீர் நத்தையின் மரபணுத்தொகையை ஆராய்வது எப்படி: திருகோணமலையிலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலில் சேர்கிறது. அதே ஆற்றின் மேல்பகுதி மலை ஓடைகளில், கல்லோடு ஒட்டி வாழும் பலூடோமஸ் வகை நத்தைகள் இருக்கின்றன. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனங்கள் அவற்றில் பல. சிலவற்றின் பரம்பல் ஓரிரு ஓடைகளோடு முடிந்துவிடுகிறது. அப்படியோர் ஓடை வற்றினாலோ அதில் களைகொல்லி கலந்தாலோ அந்த இனத்துக்குப் போக வேறிடம் இல்லை.

இந்த நத்தைகளில் எது எத்தனை குடித்தொகையாகப் பிரிந்து கிடக்கிறது, எது உள்ளகவிருத்தியால் (நெருங்கிய உறவுக்குள் இனம்பெருக்குவதால்) நலிந்துபோகிறது, எதை எங்கிருந்து எங்கே மாற்றலாம் என்பதெல்லாம் ஓட்டைப் பார்த்துத் தெரியாது. டி.என்.ஏ.யைப் பார்த்தால் தெரியும். உயிரியல் இளமாணி முடிக்கும் தறுவாயில் உள்ளவரும், ஆய்வுகூட வேலை கொஞ்சம் தெரிந்தவரும் இந்த வேலையை எப்படித் தொடங்குவது என்பதையே கீழே சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் முந்திய விதி ஒன்று உண்டு: அருகிவரும் நத்தையில் ஒருபோதும் பழகாதீர்கள். கந்தளாய் வாய்க்கால் நத்தையில் பழகுங்கள். கை பழகிய பிறகு மலைக்குப் போங்கள்.

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"இந்த நத்தையின் மரபணுப் பல்வகைமையை ஆராய்தல்" என்று எழுதினால் அது தலைப்பாக இருக்கும், கேள்வியாக இருக்காது. எத்தனை நத்தை வேண்டும், எந்த முறை வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என எதையும் அது சொல்லித் தராது. பின்வருவன போல எழுதுங்கள்:

அணைக்கட்டுக்கு மேலும் கீழும் உள்ள நத்தைகள் இன்னும் ஒரே குடித்தொகைதானா? பக்கத்துப் பக்கத்து இரண்டு கிளையாறுகளில் உள்ளவை ஒரே இனமா? மிஞ்சியிருக்கும் கூட்டத்தில் உள்ளகவிருத்தி இருக்கிறதா? ஆள்குறைந்த ஓடைக்கு நத்தை கொண்டுவருவதென்றால் எங்கிருந்து?

ஒவ்வொன்றும் வேறு மாதிரித் திட்டம் கேட்கும். ஒரே இனமா என்று கேட்பவருக்கு இடத்துக்கு ஐந்தாறு நத்தை போதும். விளைதிறன் குடித்தொகை அளவு, அதாவது அடுத்த தலைமுறைக்கு உண்மையில் பங்களிக்கும் உயிரிகளின் அளவு தெரிய வேண்டுமானால் இடத்துக்கு 30க்குக் குறையக்கூடாது. குறைந்தால் கணக்கின் மேல் எல்லை முடிவிலிக்குப் போய்விடும், அந்த விடையால் யாருக்கும் பயனில்லை. குடித்தொகைகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டும் வேண்டுமென்றால், ஆயிரக்கணக்கான ஓரெழுத்து வேறுபாடுகள் (டி.என்.ஏ. வரிசையில் ஒரே எழுத்து மட்டும் மாறும் புள்ளிகள்) கையில் இருக்கும்போது இடத்துக்கு 10 நத்தையே நல்ல விடை தரும். அருகிவரும் உயிரியில் இது பெரிய ஆறுதல்.

பழகுவதற்கு ஏற்ற நத்தைகள்

கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து வாய்க்கால்களிலும் குளக்கரைகளிலும் நான்கு வகை எளிதாகக் கிடைக்கும். உருண்டையாக, கோழிமுட்டை அளவுக்கு வளரும் பைலா. கூம்பு ஓட்டுடைய பெலாமியா. ஊசிபோல நீண்ட மெலனோயிடஸ். தட்டையாகச் சுருண்ட இந்தோபிளனோர்பிஸ்.

டி.என்.ஏ. பிரித்தெடுக்கப் பழக நான்கும் ஏற்றவை. கணக்குப் பழகுவதற்கு அப்படியல்ல. மெலனோயிடஸ் பெரும்பாலும் கன்னிப்பிறப்பால் பெருகும். ஒரு வாய்க்காலில் பிடித்த 20ம் ஒரே தாயின் நகல்களாக இருக்கலாம், அப்போது எல்லா மாதிரிக் கணிப்பும் குழம்பும். இந்தோபிளனோர்பிஸ் இருபாலி, தன்னைத்தானே கருக்கட்டவும் வல்லது. அதனால் இதரநுகத்தன்மை, அதாவது ஓர் உயிரியிலுள்ள மரபணுவின் இரு பிரதிகளும் வேறுபடும் அளவு, இயல்பாகவே குறைந்து தெரியும். பைலாவும் பெலாமியாவும் ஆண், பெண் என வேறுபட்டவை. பாடப்புத்தகக் கணிதம் இவற்றில் ஓரளவு சரியாக வரும். உங்கள் இலக்கு நத்தை எப்படி இனம்பெருக்குகிறது என்பதையும் முதலிலேயே தேடிப் படித்துவிடுங்கள். இது தெரியாமல் எடுத்த முடிவுகள் பின்னால் முழுதாகவே தலைகீழாகலாம்.

பழகப் பிடித்த நத்தையை வேறு நீர்நிலையில் விடாதீர்கள். மெலனோயிடஸ் ஒன்றே ஒன்று போதும், தனியாகவே புதிய இடத்தில் கூட்டம் சேர்த்துவிடும். கன்னியா வெந்நீர் ஊற்றுப் பக்கம் மாதிரி எடுக்கப் போகவும் வேண்டாம். அது வழிபாட்டிடம், தொல்லியல் சின்னமும்கூட.

அனுமதி

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் ஆய்வு அனுமதி பெற வேண்டும். ஓடை காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் பெற வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடர் அப்படிப்பட்ட இடம். விண்ணப்பத்தில் இனம், இடம், எண்ணிக்கை, நத்தையைக் கொல்வதா, காலில் சிறுதுண்டு கிள்ளிவிட்டு விடுவதா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். டி.என்.ஏ.யின் எழுத்து வரிசையை வாசிக்க மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அதையும் முதல் விண்ணப்பத்திலேயே சேருங்கள். திசு மட்டுமல்ல, பிரித்தெடுத்த டி.என்.ஏ.க்கும் ஏற்றுமதி அனுமதி தேவை. இதைப் பிந்திக் கேட்பவர்களின் குழாய்கள் குளிரூட்டியில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. மாதங்களைக் கணக்கில் வைத்து விண்ணப்பியுங்கள்.

குளத்துக்கும் வாய்க்காலுக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, கிராம சேவையாளரிடமும் சொல்லிவிடுங்கள். துருசு எப்போது திறப்பார்கள் என்ற விபரமும் அங்கேதான் கிடைக்கும்.

எப்போது, எங்கே, எத்தனை

திருகோணமலைக் குளங்களில் சிறுபோகத் தண்ணீர் இறங்கிய பிறகு, ஓகஸ்ட், செப்டெம்பரில், தேடுவது எளிது. மாரி தொடங்கிவிட்டால் தண்ணீர் கலங்கி எதுவும் தெரியாது. மகாவலியின் மேல் ஓடைகளுக்கு பெப்ரவரி, மார்ச் நல்லது.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்காதீர்கள். நத்தைக்குத் தண்ணீர் வழிதான் வழி. ஒரு மலைமுகட்டின் இரு பக்கமும் உள்ள ஓடைகள் பறவைக்கு 2 கிலோமீற்றர், நத்தைக்கு 60 கிலோமீற்றராக இருக்கலாம். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாய்க்கால்கள் ஆற்றுப் படுகைகளையே இணைக்கின்றன. கந்தளாய்க் குளத்துக்கு மின்னேரியாப் பக்கமிருந்து யோத எல வழியாகத் தண்ணீர் வருகிறது. பொல்கொல்லையில் 1976 முதல் மகாவலித் தண்ணீர் அம்பன் கங்கைப் பக்கம் திருப்பப்படுகிறது. முட்டையும் குஞ்சு நத்தையும் அந்தத் தண்ணீரோடு போகலாம். ஆகவே நீர்ப்பாசன வரைபடத்தையும் இயற்கை ஆற்று வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகே இடங்களைக் குறியுங்கள்.

ஓர் ஓடையில் குறைந்தது மூன்று இடங்கள்: தடைக்கு மேலே, தடைக்குக் கீழே, பக்கத்துக் கிளையில் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் 50 முதல் 100 மீற்றர் நீளத்தில் தேடி, ஒரு கல்லுக்கு ஒரு நத்தை மட்டும் எடுங்கள். ஒரே கல்லில் இருக்கும் பத்தும் ஒரு முட்டைக் கூட்டத்தில் பொரித்த உடன்பிறப்புகளாக இருக்கலாம். உடன்பிறப்புகளை அள்ளிவந்தால் கணினி அவற்றைத் தனிக் குடித்தொகையாகக் காட்டும், நீங்களும் அதை நம்பிவிடுவீர்கள்.

முதலில் எண்ணுங்கள், பிறகு எடுங்கள். இருவர் ஒரு மணி நேரம் தேடி எத்தனை கண்டீர்கள் என்று எழுதுங்கள். 50க்குக் குறைவாகக் கண்ட இடத்தில் ஒன்றைக்கூடக் கொல்ல வேண்டாம். கால் நுனியைக் கிள்ளிவிட்டு அதே கல்லில் வைத்துவிடுங்கள். இது எங்கள் கட்டுப்பாடு. அனுமதிப் பத்திரம் இதைவிடத் தளர்வாக இருந்தாலும் இதைக் கைவிட வேண்டாம்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வயலிலும் வாய்க்காலிலும் எலிக்காய்ச்சல் உண்டு. போவதற்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்ஸிசைக்கிளின் பற்றிக் கேளுங்கள். நத்தையிலிருந்து வெளியேறும் ஒட்டுண்ணிக் குடம்பி தோலில் அரிப்பை உண்டாக்கும். முழங்கால் வரை சப்பாத்தும் கையுறையும் போடுங்கள், ஏறியவுடன் துவாயால் நன்றாகத் துடையுங்கள். குளங்களில் முதலை உண்டு. எந்த மூலையில் என்பது அங்கே மீன் பிடிப்பவருக்குத் தெரியும், அவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். ஓர் ஓடையிலிருந்து மற்றதுக்குப் போகும்போது சப்பாத்தையும் வலையையும் தேய்த்துக் கழுவி முழுதாகக் காயவிடுங்கள்.

எதனோல்: பாதி ஆய்வு இங்கேதான் கெட்டுப்போகிறது

இந்தோபிளனோர்பிஸ் தவிர, இங்கே சொன்ன நத்தைகளுக்கு வாசல் மூடி உண்டு. உயிரோடு எதனோலில் போட்டால் உள்ளே சுருங்கி மூடிக்கொள்ளும். வெளியே 95 சதவீத எதனோல், உள்ளே நத்தையின் சொந்தத் தண்ணீர். திருகோணமலை வெயிலில் இரண்டு நாளில் உள்ளே அழுகிவிடும். குழாயைத் திறந்தால் நாற்றம் வரும், ஜெல்லில் பார்த்தால் டி.என்.ஏ. தூள்தூளாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. நத்தையை அது வாழ்ந்த தண்ணீரோடு சிறிய போத்தலில் இட்டு, மென்தோல் பளிங்கு நாலைந்தை மேலே மிதக்கவிட்டு மூடி நிழலில் வையுங்கள். சில மணி நேரத்தில் கால் வெளியே நீண்டு, ஊசியால் தொட்டாலும் அசையாமல் இருக்கும். அதுதான் தருணம். இரவு முழுக்க விட்டுவிட்டால் சூட்டில் செத்து, திசு சிதையத் தொடங்கிவிடும். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியின் ஓரத்தில் வைத்தால் நேரம் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

பிறகு, கொல்லாத முறையானால், காலின் பின்விளிம்பில் 1 முதல் 2 மில்லிமீற்றர் கத்தரித்து எடுத்து, நத்தையைப் புதுத் தண்ணீரில் தெளியவைத்துத் திரும்ப விடுங்கள். முழு நத்தை தேவையானால் ஓட்டைக் கவனமாக உடைத்து அல்லது துளையிட்டு எதனோல் உள்ளே போக வழிசெய்யுங்கள். ஓடு அடையாளத்துக்கு வேண்டுமே என்றால், உடைக்கும் முன் அளவுகோலோடு வாசல் பக்கமும் முதுகுப் பக்கமும் படம் எடுங்கள். இடத்துக்கு ஒன்றிரண்டு ஓடுகளையாவது முழுதாகக் காப்பாற்றுங்கள்.

திசுவுக்கு எடுப்பது கால்தசை மட்டும். குடல் பக்கம் போகாதீர்கள், அங்கே பாசியும் பற்றீரியாவும் ஒட்டுண்ணியும் உண்டு. மெலனோயிடஸின் கழுத்துப் பகுதியில் குஞ்சுப்பை இருக்கிறது, பெலாமியாப் பெண்ணின் வயிற்றிலும் குஞ்சுகள் இருக்கும். அந்தத் திசுவில் தாயின் டி.என்.ஏ.யோடு குஞ்சுகளுடையதும், அதன் வழியே தகப்பனுடையதும் கலந்து வரலாம். ஒரே குழாயில் ஒரு மரபணுவுக்கு மூன்று எதிருருக்கள், அதாவது மாற்று வடிவங்கள், தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எதனோல் 95 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. பார்மசியில் கிடைக்கும் 70 சதவீதம் கை துடைக்க நல்லது, இதற்கு உதவாது. சேர்மானம் கலந்த ஸ்பிரிட் வேண்டாம். போமலின் வேண்டவே வேண்டாம். திசு ஒரு பங்கென்றால் எதனோல் பத்துப் பங்கு. 24 மணி நேரத்தில் அதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், முதல் எதனோலைத் திசுவின் தண்ணீர் நீர்த்துப்போகச் செய்திருக்கும். பிறகு மறை 20 பாகை செல்சியஸில் வையுங்கள்.

பெயர்த்துண்டு தடித்த தாளில் பென்சிலால் எழுதி குழாய்க்கு உள்ளே. மார்க்கர் மை எதனோலில் கரைந்துவிடும். வெளியே மட்டும் எழுதிய பெட்டி ஒன்றில் ஒரு குழாய் கசிந்தால் பக்கத்துக் குழாய்களும் பெயரில்லாமல் போய்விடும்.

வழுவழுப்பை வெல்வது

நத்தையில் டி.என்.ஏ. எடுப்பது மீனில் எடுப்பது போலல்ல. காலிலுள்ள சளி ஒரு பல்சக்கரைட்டு. அது டி.என்.ஏ.யோடு சேர்ந்தே வீழ்படியும், டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். நொதியத்தையும் அதை வெட்டும் நொதியத்தையும் முடக்கும். வாங்கும் சிலிக்கா வடிகட்டிக் கிட் சில வேளை வேலை செய்யும். ஆனால் அளவுக்கு மிஞ்சித் திசு போட்டால் வடிகட்டி அடைத்துவிடும். புதியவருக்கு சி.டி.ஏ.பி. (சவர்க்கார வகை இரசாயனம்) முறையைத்தான் பரிந்துரைக்கிறோம். மலிவு, சளிக்கு எதிராக நம்பகமானது.

கரைசல்: சி.டி.ஏ.பி. 2 சதவீதம், சோடியம் குளோரைட்டு 1.4 மோலர், ஈ.டி.ரி.ஏ. 20 மில்லிமோலர், ட்ரிஸ் 100 மில்லிமோலர் பி.எச். 8.0, பாவிக்கும் அன்று பீட்டா மெர்காப்டோஎதனோல் 0.2 சதவீதம். கடைசியானது நச்சு, புகை உறிஞ்சும் அறையில் மட்டும் திறக்கவும். உப்பைக் குறைக்காதீர்கள். 0.7 மோலருக்கு மேல் உப்பு இருக்கும்போது டி.என்.ஏ. கரைசலில் நிற்கும், சளியும் புரதமும் சி.டி.ஏ.பி.யோடு பிணைந்து குளோரோபோமோடு போகும். உப்புக் குறைந்தால் டி.என்.ஏ.யும் அதோடு போய்விடும்.

திசுவை, 10 முதல் 20 மில்லிகிராம், வடிதாளில் ஒற்றி, சுத்தமான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு எதனோலை வெளியேற்றுங்கள். நுணுக்கமாகக் கத்தரியுங்கள். 600 மைக்கிரோலீற்றர் கரைசலும் 20 மில்லிகிராம்/மில்லிலீற்றர் செறிவுள்ள புரட்டினேஸ் கே 10 மைக்கிரோலீற்றரும் சேர்த்து 56 முதல் 60 பாகையில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் துண்டு எதுவும் தெரியக்கூடாது. ஆர்.என்.ஏ.ஏஸ் சேர்த்து 37 பாகையில் அரை மணி நேரம்.

அடுத்து, குளோரோபோமும் ஐசோஎமைல் அற்ககோலும் 24க்கு 1 என்ற கலவையைச் சம அளவு ஊற்றி, ஐந்து நிமிடம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம், நீண்ட இழைகள் அறுந்துபோகும். 12,000 ஜி.யில் 10 நிமிடம் மையநீக்கிய பின் மூன்று அடுக்குத் தெரியும். நடுவே வெள்ளையாகப் படலம் நிற்கும், அதுதான் நீங்கள் விட்டுவிட வேண்டியது. மேல் அடுக்கை, படலத்தைத் தொடாமல், கடைசிப் பகுதியை ஆசைப்படாமல் விட்டுவிட்டு எடுங்கள். படலம் தெரியாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். நத்தைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை வேண்டும். இந்தக் கட்டத்தில் எதையும் ஐஸில் வைக்கக்கூடாது, குளிர்ந்தால் சி.டி.ஏ.பி.யே வீழ்படிந்துவிடும்.

எடுத்த மேல் அடுக்கின் அளவில் மூன்றில் இரண்டு பங்கு ஐசோபுரப்பனோல் ஊற்றி, மையநீக்கி, 70 சதவீத எதனோலால் இருமுறை கழுவி, உலர்த்தி, 50 மைக்கிரோலீற்றர் ட்ரிஸில் கரையுங்கள். அடியில் சிறிய வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நல்லது. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் ஜெலி தெரிந்தால் அது சளி. அதைக் கரைத்து இன்னொருமுறை குளோரோபோம் செய்யுங்கள், அல்லது காந்தமணியால் சுத்திகரியுங்கள்.

அளக்கும்போது நானோட்ரொப்பை மட்டும் நம்பாதீர்கள். அது சளியையும் ஆர்.என்.ஏ.யையும் சேர்த்து எண்ணும். டி.என்.ஏ.யை மட்டும் எண்ணும் கியூபிட்டிலும் அளவிடுங்கள். நானோட்ரொப் 200 நானோகிராம் என்று சொல்ல, கியூபிட் 20 என்று சொன்னால் கியூபிட் சொல்வதே உண்மை. நானோட்ரொப் காட்டும் 260/230 என்ற தூய்மை விகிதம் 1.5க்குக் கீழே நின்றால் சளி இன்னும் இருக்கிறது. பிறகு 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். 10,000 எழுத்துக்கு மேலே ஒரு பட்டை நின்றால் எல்லா முறைக்கும் போதும். 1,000க்குக் கீழே மேகமாக வழிந்திருந்தால், டி.என்.ஏ.யை நொதியத்தால் வெட்டி வாசிக்கும் ராட் முறைகளுக்கு (பின்னால் வரும்) உதவாது. அந்த மாதிரியைப் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். பின்னால் கணினியில் அதைக் காப்பாற்ற முடியாது.

முதலில் பட்டைக்குறி

பெரிய செலவு செய்யுமுன், இடத்துக்கு மூன்று நத்தையில் பட்டைக்குறியை, அதாவது இனத்தை அடையாளம் காட்டப் பயன்படும் குறுகிய டி.என்.ஏ. பகுதியான இழைமணியின் சி.ஓ.ஐ. மரபணுவை வாசியுங்கள். 1994இல் வெளியான ஃபோல்மர் பிரைமர் சோடி 658 எழுத்துகளைத் தரும். பிணையும் வெப்பநிலை 45 முதல் 50 பாகை. பி.சி.ஆர். வராவிட்டால் டி.என்.ஏ.யைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். பெரும்பாலும் தடுப்பது சளி.

ஓடு ஒரே மாதிரி இருந்தும் எழுத்து வெகுவாக வேறுபட்டால் இரண்டு இனம் கலந்து கிடக்கலாம். ஆனால் "3 சதவீதம் தாண்டினால் வேறு இனம்" என்ற விதியை இங்கே கொண்டுவராதீர்கள். நத்தைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே இழைமணி அதைவிடக் கூட வேறுபடும். பட்டைக்குறி எச்சரிக்கை மட்டும் தரும், தீர்ப்பைக் கரு மரபணுத்தொகை சொல்லட்டும்.

எந்த வாசிப்பு

இரண்டு வழி நடைமுறையில் உண்டு. ஒன்று இரட்டை வெட்டு ராட் முறை, 2012இல் வெளியானது: இரு நொதியத்தால் வெட்டி, குறித்த நீளத் துண்டுகளை மட்டும் வாசிப்பது. மேற்கோள் மரபணுத்தொகை (ஒப்பிடுவதற்கு முன்பே முழுதாக வாசித்து வைத்த வரிசை) தேவையில்லை. உயிரிக்கு 100 முதல் 500 நானோகிராம் நல்ல டி.என்.ஏ. வேண்டும், 10 முதல் 20 இலட்சம் வாசிப்பு போதும். மற்றது முழு மரபணுத்தொகையையும், ஓர் எழுத்தைச் சராசரி 2 முதல் 5 தடவை மட்டும், மெல்லியதாக வாசிப்பது. கிள்ளிய சிறுதுண்டில் வரும் கொஞ்ச டி.என்.ஏ.யும் இதற்குப் போதும். ஆனால் நெருங்கிய இனத்தின் மேற்கோள் வேண்டும், கணினியும் பெரிதாக வேண்டும். முதல் ஆய்வுக்கு ராட் முறையே எங்கள் தெரிவு.

96 குழித் தட்டில் மாதிரிகளை அடுக்குவதில் ஒரு பொறி உண்டு. மேல் ஓடை முழுக்க முதல் தட்டு, கீழ் ஓடை முழுக்க இரண்டாம் தட்டு என்று அடுக்காதீர்கள். தட்டுக்குத் தட்டு துண்டுத் தெரிவு சற்று மாறும். அந்த மாற்றம் குடித்தொகை வேறுபாடாகத் தோன்றும், பிறகு பிரிக்கவே முடியாது. சீட்டுக் குலுக்கிக் கலந்து அடுக்குங்கள். 96 குழிக்கு நாலைந்து மாதிரியை இரண்டு தடவை வையுங்கள், ஒன்றை வெறுமையாக விடுங்கள். இரட்டைகள் ஒத்துப்போகாத அளவுதான் உங்கள் பிழை வீதம்.

கணினியில்

ஸ்டாக்ஸ் என்ற நிரல் இலவசம், ராட் தரவுக்கென்றே எழுதப்பட்டது. குறைந்த ஆழத்தை, அதாவது ஒரு துண்டை ஏற்கத் தேவையான வாசிப்பை, 3 என்று வைத்து, உயிரிக்குள்ளும் உயிரிகளுக்கிடையிலும் அனுமதிக்கும் எழுத்து வேறுபாட்டை 1 முதல் 8 வரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 80 சதவீத உயிரிகளில் கிடைக்கும் மரபணுத்தொகை இடங்களின் எண்ணிக்கை எங்கே உயர்வதை நிறுத்துகிறதோ அந்தப் பெறுமானத்தைத் தெரிவுசெய்யுங்கள். எந்தப் பெறுமானம் என்று மற்றவரைக் கேட்டு வாங்காதீர்கள், அது இனத்துக்கு இனம் மாறும்.

வடிகட்டும்போது:

- பாதிக்கு மேல் தரவு இல்லாத உயிரியை நீக்குங்கள்.
- ஒரு துண்டுக்கு ஓர் ஓரெழுத்து வேறுபாடு மட்டும் எடுங்கள்.
- எல்லா உயிரியும் இதரநுகமாகத் தெரியும் மரபணுத்தொகை இடம் இரட்டித்த மரபணு. நீக்குங்கள்.
- ஹார்டி-வைன்பேர்க் சோதனையை (எதிருருக்கள் எதிர்பார்த்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது) மாதிரி எடுத்த இடம் இடமாகச் செய்யுங்கள். எல்லா ஓடை இடத்தையும் ஒன்றாகக் கொட்டிச் செய்தால், குடித்தொகைகளைப் பிரித்துக் காட்டும் மரபணுத்தொகை இடங்களே வெளியே போய்விடும்.
- அரிதான எதிருருக்களைக் கட்டமைப்புக் கணிப்புக்கு மட்டும் நீக்குங்கள். பல்வகைமை கணிக்கும்போது அவற்றையும், மாறாத எழுத்துகளையும் திரும்பச் சேருங்கள். இல்லாவிட்டால் இன்னொரு ஆய்வோடு ஒப்பிடவே முடியாத எண் வரும்.

அடுத்து இரண்டிரண்டாக உறவுமுறை கணியுங்கள். நகல்களும் உடன்பிறப்புகளும் இங்கே அகப்படும். ஒத்த உயிரிகளை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வை வரையுங்கள். அதில் ஒரு புள்ளி மட்டும் தனியே தூரத்தில் நின்றால் புதுக் குடித்தொகை என்று மகிழாமல் தரவு இழப்பைப் பாருங்கள், பிறகு பெயர்த்துண்டைப் பாருங்கள். உயிரிகளை மரபணு ஒற்றுமையால் குழுக்களாகப் பிரிக்கும் அட்மிக்ஸ்சர் நிரலில் குழு எண்ணை 1 முதல் 8 வரை ஓட்டலாம். ஓர் இடத்தில் 40, மற்றதில் 5 என்றிருந்தால் சிறியது பெரியதோடு கலந்து தெரியும், கூடியதிலிருந்து சிலவற்றை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

எண்களை வாசிப்பது

எஃப்.எஸ்.டி. என்பது இரு குடித்தொகைகள் எவ்வளவு விலகியுள்ளன என்பதை 0 முதல் 1 வரை சொல்லும். இங்கேதான் அவசர முடிவுகள் அதிகம். மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணை 1985இல் வந்தது. நத்தையின் தலைமுறை ஒன்றேகால் ஒன்றரை ஆண்டென்று வைத்தால் இதுவரை 30 தலைமுறை அளவில் கடந்திருக்கும். அணை முற்றாகப் பிரித்தது, இரு பக்கமும் விளைதிறன் அளவு 500 என்றால் இவ்வளவு காலத்தில் எஃப்.எஸ்.டி. 0.03 மட்டுமே வரும். அளவு 50 என்றால் 0.26 வரும். ஆகவே 0.03 என்று வந்ததும் "அணையால் பாதிப்பில்லை" என்று எழுதக்கூடாது. பெரிய கூட்டத்தில் பிரிவு தெரியவே காலமெடுக்கும். 0.26 என்று வந்ததும் "இவை வேறுவேறாகப் பரிணமித்தவை, கலக்கவே கூடாது" என்றும் எழுதக்கூடாது. சிறிய கூட்டம் தற்செயலால் எதிருருக்களை இழந்தாலே அந்த எண் வந்துவிடும். அப்படியானால் அந்தக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து நத்தை தேவைப்படலாம். இரண்டையும் பிரித்தறிய, ஒவ்வோர் இடத்தின் இதரநுகத்தன்மையையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் மட்டும் அது சரிந்திருந்தால் நலிவு. இரண்டிலும் நன்றாக இருந்து, இழைமணியும் ஆழமாகப் பிரிந்திருந்தால் பழைய பிரிவு.

விளைதிறன் அளவுக்கு 50, 500 என்ற பழைய எல்லைகளை 2014இல் 100, 1000 என்று உயர்த்தச் சொல்லப்பட்டது. எந்த எல்லையைப் பாவித்தாலும் நம்பிக்கை இடைவெளியோடு எழுதுங்கள்.

ஒரு நத்தை இல்லாமல் போய்விட்டது என்று எழுதுவதிலும் அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் அலபாமாவில் கஹாபா ஆற்றில் வாழ்ந்த நீள்வட்டப் பாறை நத்தை 2000ஆம் ஆண்டு அழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2011இல் அதே ஆற்றில் உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. நீங்கள் தேடிய நேரத்தையும் தூரத்தையும் அறிக்கையில் எழுதினால்தான் அடுத்தவர் எங்கே தேடவில்லை என்று அறிவார்.

யாருக்குக் கொடுப்பது

திணைக்களத்துக்கு இரண்டு பக்க அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் கொடுங்கள். எந்த ஓடைகளை ஒரே அலகாகக் காக்கலாம், எதைத் தனியாகக் காக்க வேண்டும், நத்தை மாற்றுவதென்றால் எங்கிருந்து எங்கே, எது இன்னும் தெரியாது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். எஃப்.எஸ்.டி. அட்டவணை பின்னிணைப்பில் போகலாம்.

மூல வாசிப்புகளைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். தட்டு எண், குழி எண், மாதிரி எண் மூன்றும் பொருந்தும் அட்டவணையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். இட ஆள்கூறை மட்டும் அப்படியே போடாதீர்கள். அரிய ஓடுகளைச் சேர்த்து விற்பவர்கள் உண்டு, துல்லியமான ஆள்கூறு அவர்களுக்கு வழிகாட்டிவிடும். ஒரு தசம தானத்துக்கு, அதாவது ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்கு, மழுங்கச்செய்து ஏற்றிவிட்டு, முழு ஆள்கூறைத் திணைக்களத்திடமும் உங்கள் வளாகத்தின் விலங்கியல் பிரிவிலும் கையளியுங்கள். மிஞ்சிய திசுவும் ஓடும் அதே பிரிவில், அதே எண்ணோடு இருக்கட்டும்.